சீயமங்கலத்திலிருந்து திருவக்கரை வரை

செஞ்சியைக் கேள்விப்படாத தமிழர் சிலரே இருப்பர். செஞ்சிக்கு ஓர் ஆறு உண்டென்று கேள்விப்பட்ட தமிழரும் சிலரே இருப்பர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்தில் உட்கார்ந்து, தூரத்திலேயே ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தலைதூக்குவதைக் கண்டு, மடியிலிருக்கும் குழந்தைக்குத் தேசிங்குராஜன் கதையைச் சொல்லத் தொடங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது, வண்டி ஒரு பாலத்தைக் கடந்ததையும், பாலத்தின் அடியில் நாணலுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு நதி கிடந்ததையும் அந்தக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சங்கராபரணி என்பது அதன் பெயர். வராக நதி என்றும், செஞ்சியாறு என்றும் சொல்வதுண்டு. செஞ்சிக்கு மேற்கேயுள்ள குன்றுகளிலிருந்து வழியும் ஓடைகள் கூடி ஆறாகி, தென்கிழக்காகத் திரும்பி, வீடூரில் தொண்டியாற்றைத் துணைசேர்த்துக்கொண்டு, திருவக்கரையையும் வில்லியனூரையும் தொட்டுச் சென்று, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேர்வதற்குள் அது ஓடும் தூரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். காவிரிக்கும் பாலாற்றுக்கும் வாய்த்த கீர்த்தி அதற்கு வாய்க்கவில்லை. ஆயினும், இளமையில் ஒரு மாசி மாதத்தில் அந்தப் பிரதேசத்தைக் கால்நடையாகவே கடந்தபோது நான் கண்டவை போன்றவற்றை அதற்குப் பிறகு வேறெந்த நதிக்கரையிலும் கண்டதில்லை.

என்னை அந்த யாத்திரைக்கு இழுத்துச் சென்றவர் வில்லியனூரைச் சேர்ந்த ஒரு 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து, அதற்கான ஓய்வூதியத்தைப் பிரெஞ்சு அரசாங்கத்திடமே பெற்றுவந்த முதியவர்களைப் புதுச்சேரிக்காரர்கள் அப்படி அழைப்பது வழக்கம். இவர் துப்பாக்கி பிடித்ததைவிடக் கணக்குப் பேரேடு பிடித்ததே அதிகம். மகேந்திரவர்மனுடைய குகைக்கோயில்களைத் தேடித் தேடிப் பார்த்து, பல்லவர் காலத் தொல்பொருள்களைப் பற்றி 1916ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட ழூவோ-துப்ரேய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் கற்பித்துவந்த கல்லூரியில் பையனாக இருந்தபோது படித்தவர். அதனால் பல்லவர் என்ற பெயரைக் கேட்டாலே அவருக்கு ஓர் உற்சாகம் பிறந்துவிடும். இந்தோசீனத்தில் சில காலமும் பிரான்சில் பல காலமும் கழித்துவிட்டு, மனைவி காலமான பிறகு பிறந்த ஊருக்கே திரும்பிவந்திருந்த அவருக்கு, அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால்களோ ஐம்பதைத் தாண்டாதவை.

பிரான்சில் லுவார் என்று ஒரு பெரு நதி இருக்கிறது. அதன் இரு மருங்கிலும் அந்நாட்டு மன்னர்களும் பிரபுக்களும் எழுப்பிய மாளிகைகளும், அவற்றை ஒட்டி வளர்ந்த பழைய கிராமங்களும், திராட்சைத் தோட்டங்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சூட்டோடு, 1947ஆம் ஆண்டில், அந்த நதிக்கரையில்தான் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நெடுநடைப் பாதைகளில் முதலாவதைத் திறந்தார்கள் என்றும், வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடுகளை மரத்திலும் மதிற்சுவரிலும் தீட்டிவைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓர் அந்நியன் வழி கேளாமல் ஊர் ஊராகப் போய்விடலாம்படி செய்திருக்கிறார்கள் என்றும் சொல்தா ஐயா சொல்வார். விடுமுறை நாட்களில் அந்தப் பாதையில் நடந்து பழகியவர் அவர். "அங்க அவ்வளவு நடந்தேன் தம்பி, எங்க வீட்டுப் பின்னால ஓடுற ஆறு எங்கேருந்து வருதுன்னு இந்த வயசு வரைக்கும் பாக்கலியே" என்று அவர் ஒருநாள் சொன்னது வேடிக்கைப் பேச்சாகவே என் காதில் விழுந்தது. மறுவாரமே தோள்பையுடனும் ஒரு மூங்கில் தடியுடனும் வந்து நின்றார்.

நடையைச் சீயமங்கலத்தில் தொடங்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரைச் சங்கராபரணி தொடுவதில்லையே என்று நான் ஆட்சேபித்துப் பார்த்தேன். ஆற்றைத் தேடிப் போகிறவன் ஆறு உண்டாவதற்கு முன்னால் இருக்கும் பாறையைப் பார்த்துவிட்டுப் போவதுதான் முறை என்று அவர் ஒரு நியாயம் சொன்னார். அந்த நியாயத்தின் பூகோளம் எப்படியிருந்தாலும், சரித்திரம் சரியாகவே இருந்தது என்பதைப் பின்னால் நான் உணர்ந்தேன்.

மகாசிவராத்திரி அப்போதுதான் முடிந்திருந்தது. சீயமங்கலத்துக் கோயிலின் முன்மண்டபத்தில் முதல்நாள் இரவின் வாடிய பூச்சரங்களும் எண்ணெய்ப் பிசுக்கும் இன்னும் கூட்டி எடுக்கப்படாமல் கிடந்தன. குருக்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்தோம். கண் விழித்த களைப்போடு சைக்கிளில் வந்து இறங்கிய அவர், "நேத்து வந்திருந்தா நாலு கால பூஜையும் பாத்திருக்கலாமே" என்று எங்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே, ஒரு முழ நீளச் சாவியைத் திருகிக் கதவைத் திறந்தார். பிற்காலத்தவர் ஒருவர்பின் ஒருவராகக் கட்டிச் சேர்த்த மண்டபங்களை எல்லாம் கடந்து உள்ளே செல்லச் செல்ல வெளிச்சம் குறைந்து, கடைசியில் கட்டடம் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் நாங்கள் நின்றோம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லளிதாங்குரன் என்ற விருதுப்பெயரும் பூண்டிருந்த முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்து, அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயர் சூட்டிய திருக்கோயில் அது. இன்று மூலவருக்கு ஸ்தம்பேசுவரர், தூணாண்டார் என்று பெயர். அடியும் முடியும் சதுரமாகவும் இடை எட்டுப் பட்டையாகவும் அமைந்த, தாமரைப் பதக்கங்கள் பொறித்த கனமான தூண்கள். வாயிலின் இரு புறமும், தடியின்மேல் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் துவாரபாலகர்கள். அவர்களுக்கும் அப்பால் கோஷ்டங்களில் இரண்டு வீரர்கள். கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அரசன் இந்தக் கோயிலைப் புண்ணியம் என்னும் இரத்தினங்களை வைத்துப் பூட்டும் ஒரு பேழை என்று அதில் சொல்லிக்கொள்கிறான்.

சொல்தா ஐயா தேடி வந்த சிற்பம் கண்மட்டத்தில் இல்லை. அரைத்தூண் ஒன்றின் மேற்பகுதியில், தாமரைப் பதக்கம் இருக்கவேண்டிய இடத்தில், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், ஒரு முழத்துக்குள் அடங்கும் அளவாக அது செதுக்கப்பட்டிருக்கிறது. குருக்கள் கைவிளக்கை உயர்த்திப் பிடித்தார். காலைத் தூக்கி ஆடும் சிவபெருமான். அருகே படமெடுத்த பாம்பு. ஒரு புறம் மேளம் கொட்டும் பூதகணம். தமிழ்நாட்டுக் கற்சிற்பங்களில் ஆடல்வல்லான் முதன்முதலாகத் தோன்றுவது இங்கேதான் என்பது அறிஞர்கள் பலருடைய அபிப்பிராயம். எண்ணெய்ப் புகை ஏறியதாலும் காலத்தாலும் முகம் மழுங்கியிருந்தது. தூக்கிய திருவடியின் முழங்கால் மட்டும், சிற்பி நேற்றுத்தான் உளியைக் கீழே வைத்தான் என்று சொல்லும்படி, வட்டம் குலையாமல் இருந்தது. தஞ்சையிலும் சிதம்பரத்திலும் பிற்காலத்தில் பேருருவம் கொள்ளப்போகிற ஒரு தத்துவம் இந்தச் சிற்றூரின் இருட்டில், தூணின் ஒரு மூலையில், அடக்கமாக அரங்கேறியிருப்பதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றோம். விளக்கைத் தூக்கிப் பிடித்த குருக்களின் கை வலிக்கத் தொடங்கியதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

அதே ஊரில் மற்றொரு பாறையில் சமணத் திருமேனிகள் இருக்கின்றன. நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய கால்களோடு அசையாமல் நிற்கும் பாகுபலி, மகாவீரர் ஆகியோரின் உருவங்களை வெயில் நேரே படாதவாறு பாறையின் சரிவிலேயே அமைத்திருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் குன்றில் ஜினாலயம் எடுத்த செய்தியை அது சொல்கிறது. மகேந்திரன் முதலில் சமணனாக இருந்து பின்னால் சைவனானான் என்று சைவ மரபு சொல்லுவதை நாம் அறிவோம். அவன் குடைந்த சிவாலயத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே, அவனுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிற்பாடும் சமணம் செழித்திருந்தது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, சமய வாதங்களின் வேகத்தைப் பற்றி ஏடுகளில் படித்ததையெல்லாம் சற்று மெல்லவே நம்பவேண்டும் என்று எனக்குப் பட்டது.

சீயமங்கலத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் வழி, ஏரிக்கரைகளின் மேலும் பனைவரிசைகளின் ஊடேயும் வளைந்து வளைந்து போகிறது. அந்தப் பிரதேசத்துக்கென்று ஒரு முகம் உண்டு: ராட்சதர்கள் விளையாடிவிட்டு அடுக்கி வைக்காமலே எழுந்துபோன கூழாங்கற்களைப் போல, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் மொட்டைப் பாறைகள், அவற்றின் இடுக்குகளில் ஆவாரையும் கள்ளியும், பாறைச் சரிவில் வழிந்த மழைநீர் ஒரு சொட்டும் வீணாகாமல் வந்து தங்குவதற்கென்றே அடியில் ஓர் ஏரி, ஏரிக்குக் கீழே கழனி. மாசி மாதமாகையால் ஏரிகளில் நீர் பாதியாக வற்றியிருந்தது. மேட்டு நிலங்களில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். செடியைப் பிடுங்கி, வேரோடு வரும் காய்களை உதறி, குவியலாகப் போட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஆய்ந்துகொண்டிருக்க, கூலிக்குப் பதிலாகக் காயையே படியால் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார் நிலத்துக்காரர். எங்களைப் பார்த்ததும் ஒரு மூதாட்டி எழுந்து நின்று, "இன்னா பெரியவரே, பஸ்ஸு தப்பிப்போச்சா? இந்த வெயில்ல நடந்தா வரீங்க?" என்று கேட்டார்.

"பஸ்ஸு இருக்குதும்மா. காலும் இருக்குதே" என்றார் சொல்தா ஐயா.

"மலையனூருக்கா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மயானக்கொள்ளை. வடஆர்க்காடும் தென்னார்க்காடும் அந்தத் திசையில் திரும்பியிருந்தன. மஞ்சள் ஆடை உடுத்த கூட்டங்கள், மாட்டு வண்டிகள், பம்பை உடுக்கைக்காரர்கள் என்று குறுக்கு வழிகளெல்லாம் நிறைந்திருந்தன. பிரார்த்தனை இல்லாமல், கட்டுச்சோறு இல்லாமல், இரண்டு ஆண்கள் சும்மா நடக்கிறார்கள் என்பது அந்த மூதாட்டிக்கு விளங்கவே இல்லை. ஆற்றைப் பார்க்கப் போகிறோம் என்றதும், "ஆத்துல இன்னா இருக்குது பாக்கறதுக்கு?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, முந்தானையில் இரண்டு கை மல்லாட்டையை அள்ளிக்கொண்டுவந்து எங்கள் துண்டில் கொட்டினார். பச்சைக் காயின் பால்மணமும் அதில் ஒட்டியிருந்த செம்மண்ணின் மணமும் இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

அன்று மாலை நாங்கள் தங்க நேர்ந்தது ஒரு நயினார் வீட்டில். தமிழ்ச் சமணர்களை அந்தப் பக்கத்தில் நயினார் என்பார்கள். செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உழவுத் தொழிலோடு ஊன்றிப்போன குடிகள் அவர்கள். அவர்களுடைய மடம் செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் இருக்கிறது. வழி கேட்கப் போன எங்களை அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்காரவைத்து, விசாரித்து முடித்ததும், "பொழுது சாயறதுக்குள்ள சாப்புட்டுடணுமே" என்று அவசரப்படுத்தினார். இருட்டிய பிறகு உணவு கொள்வதில்லை என்பது அவர்கள் விரதம். தவலையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, குடத்து நீரை அதன்மேல் மெல்லச் சாய்த்து வடித்தார் வீட்டு அம்மையார். வடித்து முடித்ததும் துணியைத் திருப்பி, சிறிது நீர் வார்த்து, அதில் தங்கியிருக்கக்கூடிய கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் எந்தக் கிணற்றிலிருந்து வந்தனவோ அந்தக் கிணற்றுக்கே போய்ச் சேரும்படி கொண்டுபோய் விட்டார். இத்தனைக்கும் அவருடைய முகத்தில் ஒரு விரதக் களை, ஒரு பெருமிதம், எதுவும் இல்லை. வாசல் தெளிப்பவர்கள் வாசல் தெளிப்பதுபோலவே செய்தார்.

மறுநாள் காலையில் திருநாதர்குன்றில் ஏறியபோது அந்தத் துணி என் நினைவிலேயே இருந்தது. செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டியிருக்கும் அந்தக் குன்றில், ஒரு பெரும் பாறையின் முகத்தில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வீற்றிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே அளவு, ஒரே இருக்கை, ஒரே மோனம். பார்க்க வருகிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அருகிலேயே ஒரு பாறையில், கீறினாற்போல வெட்டப்பட்ட சில பழைய எழுத்துகள் இருக்கின்றன: ஐம்பத்தேழு நாள் உணவைத் துறந்து நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்னும் எழுத்து முதலில் காணப்படுவது இதில்தான் என்று எழுத்தியல் வல்லார் இதைப் போற்றுவார்கள். காலை வெயில் சாய்வாக விழுந்த அந்த வேளையில் ஒவ்வொரு கீற்றிலும் நிழல் தேங்கி எழுத்துகள் தாமாகவே எழுந்து நின்றன. சொல்தா ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு, விரலை எழுத்தின்மேல் படாமல் ஓர் அங்குலம் மேலாகவே நகர்த்திக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த ஆசிரியர் எந்த ஊர், யார் மகன், எந்த அரசன் காலம் என்பதெல்லாம் அதில் இல்லை. நாட்களின் கணக்கும் பெயரும்தான்.

சிங்கவரத்தைப் பற்றி விரிவாக எழுத எனக்கு ஆசை, இடம் போதாது. குன்றின் மேலே பாறையைக் குடைந்த சந்நிதியில், ஏறத்தாழ 24 அடி நீளத்தில் அனந்தன்மேல் சயனித்திருக்கும் ரங்கநாதர் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டிருக்கிறார். போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு வந்து விடை கேட்டபோது, போகாதே என்பதற்கு அடையாளமாகத் திருப்பிக்கொண்ட முகம் அது என்பது ஊரார் நம்பிக்கை. பல்லவர் காலத்துச் சயனத் திருமேனிக்கு 1714ஆம் ஆண்டில் இறந்த ஓர் இளைஞனுக்காக முகம் திரும்பியதென்று காரணம் கற்பிப்பதைச் சரித்திர ஆசிரியர் ஒப்பமாட்டார். நான் ஒப்புவேன். அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

செஞ்சிக் கோட்டையின்மேல் எனக்கு எந்தத் துவேஷமும் இல்லை. ராஜகிரியின் உச்சியிலிருந்து அந்தச் சமவெளியைப் பார்த்தவன் எவனும் அதை மறக்கமாட்டான். நாயக்கர் கட்டிய களஞ்சியங்களும், கல்யாண மஹாலின் அடுக்குகளும், சிவாஜி 1677ஆம் ஆண்டில் கைப்பற்றிப் பலப்படுத்திய மதில்களும், அவருடைய மகன் ராஜாராம் மொகலாயப் படையை எட்டாண்டுக் காலம் தடுத்து நிறுத்திவைத்திருந்த வரலாறும், யாரும் சிறியவை என்று சொல்ல முடியாதவை. ஆனால் சீயமங்கலத்திலிருந்து அடியடியாக நடந்து வந்து, மேற்கே சற்று விலகி மேலச்சேரி என்னும் பழைய செஞ்சியில், பாறையையே லிங்கமாகச் செதுக்கிய பல்லவர் குகைக்கோயிலையும் வணங்கிவிட்டுக் கோட்டை வாசலில் நின்றபோது, அந்தப் பிரதேசத்துப் பாறைகளைத் தேடி வந்தவர்களில் கோட்டை கட்டியவர்களே கடைசியாக வந்தவர்கள் என்பதும், அவர்களே மிகவும் சத்தம் போட்டவர்கள் என்பதும் எனக்குத் தெளிவாயிற்று. கோயில்களிலும் சமணக் குன்றுகளிலும் இன்றும் விளக்கு எரிகிறது. கோட்டையில் சீட்டுக் கொடுக்கிறார்கள்.

கோட்டையில் சொல்தா ஐயா மௌனமாகவே நடந்தார். 1750ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ஓர் இரவில், புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, பொழுது விடிவதற்குள் மூன்று மலைகளையும் பிடித்துவிட்டான். எட்டாண்டுகள் மொகலாயரை அலைக்கழித்த கோட்டை ஓர் இரவில் விழுந்தது. அந்தச் செய்தி வந்தபோது புதுச்சேரி கொண்டாடியதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் அறிவார்கள். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குக் கோட்டை போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே காவல் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களைப் பகைவரைவிடக் காய்ச்சலே அதிகம் கொண்டுபோயிற்று. "அவங்களும் என்னை மாதிரி சம்பளத்துக்கு வந்தவங்கதான் தம்பி" என்று அவர் சொன்னது இதை நினைத்துத்தான். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்று சொல்வார்கள். தினமும் மாலையில் அவற்றில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்ப்பவர் அவர். தூண்கள் இருந்த இடத்தின் வெறுமையை அன்று முதன்முதலாகப் பார்த்தார். எடுத்துச் சென்றவர்களின் ரசனையை மெச்சுவதா, நியாயத்தை வெறுப்பதா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை, அது களவுதான்.

செஞ்சிக்குக் கிழக்கே ஆற்றில் இறங்கினோம். ஐப்பசி கார்த்திகையில் கரை புரண்டு, மாசியில் கணுக்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிற ஆறு அது. 1714 அக்டோபரில் நவாப் சாதத்துல்லா கானின் படை மறுகரையில் நிற்க, வெள்ளத்தில் குதிரையை இறக்கித் தேசிங்கு கடந்தது இந்த ஆற்றைத்தான். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் இருக்கும் சமாதிகளை, அவனுடைய நண்பன் மகமத்கானுக்கும், கதைப்பாட்டில் அவனுக்கு இணையாகப் புகழ்பெற்ற அந்தக் குதிரைக்கும் உரியவை என்று காட்டுகிறார்கள். ராஜபுத்திர இளவரசனுக்கும் முஸல்மான் நண்பனுக்கும் ஒரு குதிரைக்கும் சேர்ந்து அழுத நாட்டுப்புற ஜனங்கள், வென்ற நவாபுக்கு ஒரு பாட்டும் பாடவில்லை.

அங்கிருந்து கீழ்நோக்கிச் சென்ற வழியில் சொல்லத்தக்க சம்பவம் எதுவும் நடக்கவில்லை. மணலில் நடப்பது சிரமமாகையால் பெரும்பாலும் கரையின்மேலேயே நடந்தோம். ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் நீர் மொண்டு குடம் நிரப்பும் பெண்கள், துவைத்த துணிகளை நாணலின்மேல் உலர்த்தும் வண்ணார்கள், உச்சி வேளையில் நீரில் படுத்து எழுந்திருக்க மறுக்கும் எருமைகள், பம்புசெட்டுத் தொட்டிகளில் குதிக்கும் பையன்கள் என்று அந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. சில இடங்களில் சீமைக்கருவேல் அடர்ந்து கரையே இல்லாமல் போயிருந்தது. சில இடங்களில் வண்டி வண்டியாக மணல் போய்க்கொண்டிருந்தது. வீடூரில் அணைக்கட்டின்மேல் ஏறியபோதுதான், அதுவரை எங்களோடு ஒரு நூல்போல வந்துகொண்டிருந்த அந்த நீர் இத்தனை அகலமாகத் தேங்க முடியுமா என்று வியப்புண்டாயிற்று. 1959ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும், புதுச்சேரிப் பகுதியில் 1,000 ஏக்கரும் பாசனம் பெறுகின்றன. இந்தக் கணக்கை மதகுக் காவலர் சொன்னதும், "பரவாயில்லே, எங்களுக்கும் பங்கு வச்சிருக்காங்க" என்று சொல்தா ஐயாவுக்குத் தம் ஊர் அபிமானம் பொங்கிற்று.

திருவக்கரை விசித்திரமான ஊர். ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். செம்பியன் மாதேவியாரின் திருப்பணி கண்ட ஸ்தலம். மூன்று முகமுள்ள லிங்கத் திருமேனியாக சந்திரமௌலீசுவரர் எழுந்தருளிய ஸ்தலம். எல்லாக் கோயில்களிலும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டிய ராஜகோபுரமும் கொடிமரமும் நந்தியும் இங்கே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவது வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க. ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் விழுந்து கிடக்கும் அடிமரங்களைப் பார்க்க அன்று எங்களைத் தவிர ஒருவரும் வரவில்லை. அவை கல்லாகிப்போன மரங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துக்கொண்டுவரப்பட்டுப் புதைந்து, அணு அணுவாக மரம் கரைந்த இடத்தில் மணிக்கல் வந்து குடியேறியவை. சொனேரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டு எழுதினார். ஊராருக்கோ அவை, காளி வதைத்த வக்கிராசுரனின் எலும்புகள். ஒரு துண்டின் வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்தேன். வைர வட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக, நேற்று அறுத்த வேம்பில் இருப்பதுபோலவே தெளிவாக இருந்தன. தட்டினால் மட்டும் வெண்கலம்போல் ஒலித்தது. மகேந்திரன் பாறையைக் குடைந்து கோயிலாக்கினான் என்று வியந்துகொண்டு வந்த எங்களுக்கு, மரத்தைப் பாறையாக்கி வைத்திருந்த இந்த இடத்தைப் பார்த்ததும் பேச ஒன்றும் தோன்றவில்லை.

சொல்தா ஐயா திருவக்கரைக்கு அப்பால் நடக்கவில்லை. இனிமேல் இருக்கும் கரை தமக்குத் தெரிந்த கரை என்றும், வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம்பிடித்த காலத்திலிருந்து அதன் மேடு பள்ளம் தமக்கு மனப்பாடம் என்றும் சொல்லிப் பேருந்தில் ஏறிவிட்டார். சில வருஷங்களில் காலமுமானார்.

2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். மகிழ்ச்சியே. இனி அங்கே வாகனங்கள் அதிகமாக வரும். உணவு விடுதிகளும் வரும். கோட்டைக்கென்று ஒதுக்கும் பணத்தில் மிகச் சிறிய பங்கைச் செலவிட்டால், சீயமங்கலம், சிங்கவரம், திருநாதர்குன்று, மேலச்சேரி, வீடூர், திருவக்கரை ஆகிய ஊர்களை இணைத்து ஒரு நடைபாதைக்கு அடையாளமிட்டுவிடலாம். வழிகாட்டும் கோடுகளைப் பிரெஞ்சுக்காரர்களைப்போல் மரத்திலும் கல்லிலும் தீட்டவேண்டாம் என்று மட்டும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வேன். கட்சிச் சின்னங்களையும் சிமெண்ட் விளம்பரங்களையும் தாங்கித் தாங்கி நம் பாறைகள் போதுமான வர்ணத்தைப் பார்த்துவிட்டன. ஊர் எல்லையில் ஒரு நடுகல் போதும்.

அதுவரை காத்திராமல் புறப்பட நினைப்பவர்கள் தை, மாசி மாதங்களில் செல்லுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பாறைகளின் சூடு தாங்காது. குகைக்கோயில்களுக்குச் சாவி குருக்கள் வீட்டிலோ காவலாளியிடமோ இருக்கும். பொறுமையாக விசாரித்தால் கிடைக்கும். திருநாதர்குன்றுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சாய்வெயிலில் எழுத்துகள் தாமே தெரியும். படிப்பதற்காக அவற்றின்மேல் மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள்.